அம்மையின் பால் கணக்கு நோட்டு
டீச்சரிடம் கேளுங்கள் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் யாரோ கேட்ட சமையல் கேள்விக்குப் பதில் எழுதும்போது, "எங்கள் அம்மை உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பாள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றாவது சமையலைப் பற்றி இருக்க வேண்டுமே, இல்லை. எல்லாம் அம்மாக்கள், பாட்டிகள், மாமியார்கள். அதனால் பென்ஷன், சர்க்கரை நோய், மருமகள் சண்டை எல்லாம் அடுத்த இதழுக்கு. அவசரக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மாமியாருக்கு களியக்காவிளைப் பக்கம். எங்களோடு சென்னைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும், அரிசி களையும் முன் ஒரு கை எடுத்து ஆர்லிக்ஸ் பாட்டிலில் போடுவதை விடவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. போன மாதம் இறந்துவிட்டார். பாட்டிலில் முக்கால் வாசி அரிசி இருக்கிறது. என்ன செய்வது? – வாசகி, பெரம்பூர்

பதில்: அதற்குப் பெயர் பிடியரிசி. தெற்குத் திருவிதாங்கூர் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பக்கம்) கிறிஸ்தவ சபைகளில் பணம் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்கள் காணிக்கை கொடுத்த முறை அது. கணவன் கையில் கூலிக் காசு, மாமியார் கையில் பெட்டிச் சாவி. மருமகளின் கைக்கு வருவது அளந்து தரும் அரிசி மட்டும்தான். அந்த அரிசியில் ஒரு பிடி. நாலு பேருக்கு அளந்ததில் ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் தெரியாது, கடைசியில் உண்பவளுக்கு மட்டும் தெரியும். வாரக் கடைசியில் அது கோவிலுக்கு (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போகும், அல்லது பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். சேர்ந்த அரிசியை விற்றோ ஏலம் போட்டோ சபைச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் மட்டும் என்று நினைத்திருந்தேன். மிசோரத்திலும் வீட்டுக்கு வீடு இதே வழக்கம் உண்டு.

1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. எங்கள் பக்கத்து ஆட்களை அன்றைக்கு உயிரோடு வைத்தது மரச்சீனிக் கிழங்கு. நீங்கள் மரவள்ளி என்பீர்கள். வீட்டில் அரிசி இல்லாத அந்த வருஷங்களில் என் பாட்டி பிடியரிசிப் பானையில் காய்ந்த மரச்சீனித் துண்டுகளைப் போட்டாளாம். சபை ஊழியரான உபதேசியார் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாக்கில் கொட்டினாராம். அம்மை இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த 'ஒன்றும் சொல்லாமல்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவாள்.

உங்கள் பாட்டிலை சென்னையில் ஒரு சபையில் கொண்டுபோய்க் கொடுத்தால் முழிப்பார்கள். மாமியாரின் ஊருக்கு யாராவது போனால் கொடுத்து விடுங்கள். ஒருவரும் போகவில்லை என்றால், பசியோடு வருகிற ஒருவருக்குச் சோறாக்கிப் போடுங்கள். பூஜைப் பொருள் மாதிரி அப்படியே மூடி மட்டும் வைக்காதீர்கள். சென்னை வெக்கையில் ஒரு மாதத்தில் வண்டு விழும். வண்டு விழுந்த அரிசி கர்த்தருக்கும் ஆகாது, கோழிக்குத்தான் ஆகும்.

கேள்வி: பாட்டியின் கல்லறைக் கல்லில் பிறந்த ஆண்டு பொறிக்க வேண்டும். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் 'கொல்லம் 1106 மீனம் 12' என்று இருக்கிறது. இதை எப்படி மாற்றுவது? – வாசகர், செங்கோட்டை

பதில்: உங்கள் ஊரும் எங்கள் ஊரும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் கணக்குதானே, அதனால் வந்த வினை. கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், பிறக்கும். ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. மீனம் என்பது பங்குனி. 1106உடன் 825ஐக் கூட்டினால் 1931. மீனம் 12 மார்ச் கடைசி வாரத்தில் விழும். சரியான தேதிதான் வேண்டும் என்றால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கல்லுக்கு ஆண்டு போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். பதிவேட்டில் பிறந்த தேதி ஒரு பத்தியிலும் ஞானஸ்நானம் பெற்ற தேதி வேறு பத்தியிலும் இருக்கும். எங்கள் அம்மைக்கு இரண்டுக்கும் ஐந்து மாத இடைவெளி. என் தம்பி அவசரத்தில் தப்பான பத்தியைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். இன்றைக்கும் கல்லில் அம்மை ஐந்து மாதம் இளையவள். திருத்தச் செலவாகும் என்று கல் வேலைக்காரர் சொன்னார். "இருக்கட்டும், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்" என்று சித்தி சொல்லிவிட்டாள்.

கேள்வி: அம்மா இறந்து இருபது நாள் ஆகிறது. முப்பதாம் நாள் நினைவு ஜெபத்தில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் சபை ஐயர் (போதகர்) சொல்லியிருக்கிறார். 'பக்தியுள்ள தாய், பாசமுள்ள பாட்டி' என்று எழுதினேன். மூன்று நாளாக அடுத்த வரி வரவில்லை. நான் ஒரே மகள். உதவுங்கள் டீச்சர். – வாசகி, பாறசாலை

பதில்: மகளே, அடுத்த வரி வராததற்குக் காரணம் முதல் வரிதான். அதை அடித்துவிடுங்கள். ஏன் என்று சொல்வதற்கு என் கதையைச் சொல்லவேண்டும்.

2021 ஜூனில் அம்மை போனாள். ஊரடங்குக் காலம். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடாது. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், ஆட்டோவில் வந்தால் அரை மணி நேரத் தூரத்தில் இருந்த என் தங்கை பிள்ளைகள் அவர்களுடைய 'அம்மச்சி'யின் முகத்தைப் போனில்தான் பார்த்தார்கள். (எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் பாட்டி, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மச்சி. அவளும் இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையில் திட்டுவாள்.) இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். 36 வருஷம் தமிழ் நடத்தியவள் நான். எழுதியது இது: 'பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்து, நற்குணசாலியாக வளர்ந்து, கணவருக்கு ஏற்ற துணையாகவும் பிள்ளைகளுக்கு அன்பான தாயாகவும் பேரப்பிள்ளைகளுக்குப் பாசமுள்ள பாட்டியாகவும் வாழ்ந்து, ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் உறுதியாய்த் தரித்திருந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

நாலு மாதம் கழித்து வேறொரு வீட்டில் துக்கம் கேட்கப் போனேன். அங்கே கொடுத்த நினைவு அட்டையைப் புரட்டினால் என் எழுத்து! வரிக்கு வரி அதே. எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன். அந்த வீட்டுப் பையன் சிரிக்கவும் முடியாமல் சொன்னான், "ஆன்ட்டி, இது அச்சாபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கது. பேரும் தேதியும் குடுத்தா போதும்." நான் அந்த அச்சகத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. என் அம்மையை நினைத்து, அழுதுகொண்டே எழுதினேன். எழுதி முடித்தபோது அச்சகத்து அச்சு வாசகம் வந்திருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நோட்டு கிடைத்தது. அம்மை 30 வருஷத்துக்கு மேல் மாடு வைத்திருந்தாள். பால் கணக்கு எழுதிய நோட்டுகள் அரிசிப் பெட்டிக்கு அடியில் கட்டாகக் கிடந்தன. திருவிதாங்கூர் காலத்தில் நாலாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவள். தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில், வேதப் புத்தகத்தைப் பார்த்துப் படித்தது. அதனால் நோட்டின் முன்பக்கம் பால் கணக்கு மலையாளத்தில், நாழியும் உரியுமாகத் தொடங்கி பிறகு லிட்டராக மாறும். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தமிழில் வெறும் பெயர்கள். வரிசை எண் போட்டு 63 பெயர்கள். எனக்கு விளங்க ஒரு நாள் ஆனது. விடிகாலை நாலரை மணிக்கு அடுக்களைத் திண்ணையில் முட்டுக்கால் போட்டு அவள் முணுமுணுத்தது இந்தப் பட்டியலைத்தான்.

ஆசையோடு என் பெயரைத் தேடினேன். 41. சரி, மூத்தவளுக்கு 41. பதினேழாவது இடத்தில் யார் என்று பார்த்தால், மாடு. அந்த வருஷம் அதற்கு மடி நோய். தங்கையிடம் சொன்னேன். "மாடு ரெண்டு நேரம் பால் தருது. நீ என்ன தந்தே?" என்றாள். அவள் 44.

ஒன்பதாவது பெயரைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப்போனது. எங்கள் அடுத்த விளைக்காரர் (பக்கத்துத் தோட்டத்துக்காரர்). அதிர்க்கல் ஓரத்தில் நிற்கிற ஓர் அயனி மரம் யாருடையது என்று அவரோடு சண்டை. பதினோரு வருஷம் அம்மை அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கோவிலில் அவர் வலப்பக்கம் இருந்தால் இவள் தூணுக்கு மறைவில் போய் இருப்பாள். அந்தப் பதினோரு வருஷ நோட்டுகளிலும் அவர் பெயர் இருக்கிறது, முதல் பத்துக்குள். சித்திக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. ஒருமுறை கேட்டிருக்கிறாள், "இவ்வளவு ஜெபம் பண்ணுற ஆளு, ஒரு வார்த்தை பேசினா என்ன?" என்று. அம்மை சொன்னாளாம்: "ஜெபம் பண்ணுறது கர்த்தர்கிட்ட. பேசுறது அவன்கிட்ட. ரெண்டும் ஒண்ணாட்டி?" அவர் இறந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்ததும் அம்மைதான். மரம் இன்றைக்கும் நிற்கிறது. யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது.

இனி முதல் பெயர். எல்லா நோட்டிலும் ஒன்று என்று எண் போட்டு ஒரே பெயர். எனக்கு முன்னால் பிறந்து, எட்டு மாதத்தில் காய்ச்சலில் போன எங்கள் அண்ணன். 1956இல் போன பிள்ளை. அவனைப் பற்றி அம்மை எங்களிடம் வாய் திறந்ததில்லை. ஒரு போட்டோ கிடையாது. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபை வழக்கமும் இல்லை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஐயர் பிரசங்கத்தில் சொல்லும்போது ஆமென் சொன்னவள்தான். வீட்டுக்கு வந்து நோட்டில் முதல் வரியில் அவன் பெயரை எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு நோட்டிலும்.

வருஷ நினைவுக்கு வீட்டில் ஜெபம் வைத்தபோது வேறு குறிப்பு எழுதினேன். முழுவதும் இங்கே தர இடமில்லை. நடுவில் ஒரு பகுதி:

'எங்கள் அம்மை சிறுவயதில் மரச்சீனி தின்று வளர்ந்தார். பிறகு சாகும்வரை அதை விரும்பித் தின்றதில்லை. நாங்கள் ஒரு துண்டு மீதம் வைத்தாலும் விட்டதில்லை. அவருடைய அப்பாவுக்கு வயிற்றுப் புண்ணுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது, சோமர்வெல் டாக்டர் அங்கே இருந்த காலம். அந்த டாக்டர் 1924இல் எவரெஸ்ட்டில் சுமார் 28,000 அடி வரை ஏறியவர் என்று நாங்கள் சொன்னபோது, "அவ்வளவு மேலே போனவரு எனக்க அப்பாவுக்காட்டு கீழே இறங்கி வந்தாரு பாத்தியா" என்றார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று வாரம் கழித்து அவருக்குக் கல்யாணம். சந்தைக்குப் போகப் பயந்து, விளையில் இருந்த வாழைக்காயையும் சக்கையையும் (பலா) வைத்தே பந்தி போட்டார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வருஷம் தோறும் முதல் சக்கையைக் காணிக்கையாகக் கொண்டுபோவார். ஒரு வருஷம் பேரப்பிள்ளைகள் அந்தச் சக்கைதான் வேண்டும் என்று அழுததால், ஏலத்தில் தன் சக்கையைத் தானே போட்டி போட்டு, சந்தை விலைக்கு மூன்று மடங்கு கொடுத்து வாங்கி வந்தார். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. பக்கத்து விளைக்காரரோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தார். பதினோரு வருஷமும் அவருக்காக ஜெபித்தார். எங்கள் அம்மைக்குப் பிள்ளைகள் ஐந்து பேர்.'

அந்தக் கடைசி வரியைத் தம்பி வாசித்தபோது, நாலு பேர்தானே என்று உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். 90 வயதுப் பெரியம்மை ஒருத்தி மட்டும் தலையை ஆட்டினாள்.

இனி உங்கள் விஷயம். உங்கள் அம்மாவுக்கு நோட்டு இருந்திருக்காது, பரவாயில்லை. மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம், தையல் டப்பா, புடவை மடிப்பில் வைத்த சீட்டு, ஏதாவது இருக்கும். சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் 'தங்கமான மனுஷி' என்பார்கள். மீன்காரியிடம் கேளுங்கள். கடனுக்கு வாங்கினாரா, பேரம் பேசினாரா, தலையைத் தனக்கு வைத்துக்கொண்டு நடுத்துண்டை யாருக்குக் கொடுத்தனுப்பினார் என்று அவளுக்குத்தான் தெரியும். கோவிலில் எந்த பெஞ்சில் உட்காருவார், எந்தப் பாட்டுக்கு மட்டும் குரல் உயரும், யாரைப் பிடிக்காது, என்ன சொல்லித் திட்டுவார். ஒரு குறையாவது எழுதுங்கள். குறை இல்லாத குறிப்பைக் கேட்பவர்கள் ஐயர் எப்போது முடிப்பார், டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் போதும். நாலு நிமிஷத்துக்கு மேல் வாசிக்கவும் வேண்டாம்.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் பிறகு அம்மாவிடமும் இருந்தது என்று ஒரு வரி வரும். பாட்டிகளின் நினைவுக் கூட்டத்தில் ஐயர்மார் தவறாமல் எடுக்கும் வசனம், உங்கள் வீட்டிலும் வரும் பாருங்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த லோவிசாள் எத்தனை மணிக்கு எழுந்தாள், பேரனுக்கு என்ன ஆக்கிப் போட்டாள் என்று பவுல் ஒரு சொல் எழுதியிருக்கலாம். அவருக்குச் சிறையில் இருந்த நெருக்கடி. உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

கேள்வி: பாட்டியின் பழைய வேதாகமம் கட்டு விட்டுப் பிரிந்து கிடக்கிறது. லேமினேட் செய்யலாம் என்கிறான் தம்பி. அது தனக்குத்தான் என்கிறார் அண்ணன். – வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டியதை அப்புறம் பிரிக்க முடியாது, தாள் அதற்குள்ளேயே கெட்டுப்போகும். செல்லோடேப்பும் வேண்டாம். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்துமேல் கறையாக இறங்கும். பழைய முறையில் நூல் கோத்துத் தைக்கிற பைண்டர் ஒருவரைத் தேடுங்கள். அதுவரை வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வாட்டில், ஈரச் சுவரில் படாமல் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை நிழலில் விரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். முன் பக்கத்திலும் பின் அட்டையிலும் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எழுதி வைத்திருப்பார்கள். அதை இன்றைக்கே போனில் படம் எடுத்து மூன்று பேரும் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால் அழுக்கு என்று அழித்துவிடாதீர்கள்.

யாருக்கு என்ற கேள்விக்கு: அதில் உள்ள எழுத்தை வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை யார்? உங்கள் மூன்று வீட்டிலும் மலையாளம் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ் வாசிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகட்டும்.

கேள்வி: என் பாட்டி 30 வருஷத்துக்கு மேல் மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு இருமுடி கட்டிப் போனவர். கூப்பிட்டபோதெல்லாம் பரீட்சை, வேலை என்று நான் போகவில்லை. இப்போது அவருடைய இருமுடித் துணி என் பீரோவில். நான் போனால் அது பக்தியா, குற்ற உணர்ச்சியா? கிறிஸ்தவரான உங்களிடம் கேட்கலாமா? – வாசகி, நெய்யாற்றின்கரை

பதில்: தாராளமாகக் கேட்கலாம். எங்கள் பின்வீட்டுப் பாட்டியும் மண்டைக்காட்டு அம்மன் பக்தைதான். ஆண்டுதோறும் மண்டையப்பத்துக்கு மாவு இடிக்க எங்கள் வீட்டு உரலுக்குத்தான் வருவார். 1982 மார்ச்சில் அங்கே இந்து–கிறிஸ்தவக் கலவரம் நடந்த நாட்களில் இரண்டு பக்கத்து ஆட்களும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அம்மை பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உரல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாட்டி வந்தார், இடித்தார், போனார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஞாபகம்.

குற்ற உணர்ச்சியோடு போனால் என்ன குறைந்துவிடும்? அங்கே மூலவர் வளர்ந்த புற்று. அதற்கு முன்னால் நிற்கிற பெண்களில் எத்தனை பேர் சுத்தமான பக்தியோடு நிற்கிறார்கள் என்று யார் அளந்தது? மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாட்டியோடு சேர்ந்து போன பெண்கள் யாராவது ஊரில் இருப்பார்கள், அவர்களோடு போங்கள். வழிநெடுக உங்கள் பாட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாத கதைகளைச் சொல்வார்கள்.

கேள்வி: ஊர் அருமனை, வேலை துபாய். பாட்டி ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் வாட்ஸாப்பில் எனக்காக ஜெபம் பண்ணி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். உண்மையைச் சொன்னால், எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் ரொம்ப நாள் ஆகிறது. பாதியைக் கேட்டதே இல்லை, 'ஆமென்' என்று மட்டும் பதில் போட்டுவிடுவேன். பாட்டி இறந்து ஆறு மாதம். இப்போது போன் மாற்ற வேண்டும். கேட்கவும் தைரியம் இல்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. – வாசகர், துபாய்

பதில்: தம்பி, முதலில் போன் வேலையை முடித்துவிடு. பாட்டியின் சாட்டைத் திற, ஆண்ட்ராய்டில் மேலே மூன்று புள்ளி, அதில் மோர் என்பதற்குள் எக்ஸ்போர்ட் சாட் என்று இருக்கும். மீடியாவோடு சேர்த்து எடுக்கவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல். ரொம்பப் பழையவை அதில் விட்டுப்போகலாம். அதனால் ஆண்ட்ராய்டு போன் என்றால் கம்ப்யூட்டரில் மாட்டி, வாட்ஸாப் வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்துவிடு. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதே. நீ கேட்காத மெசேஜ்களைத் திறந்து பார்த்து அவையும் ஓடுகின்றனவா என்று ஒன்றிரண்டாவது சோதித்துக்கொள்.

மற்றபடி, கேட்டே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. உன் பாட்டிக்கு உன் விஷயம் தெரியாது என்றா நினைக்கிறாய்? ஐந்து வருஷம் தினமும் ஒரே 'ஆமென்' மட்டும் வந்தால் எந்தப் பாட்டிக்கும் தெரியும். தெரிந்துதான் மறுநாளும் அனுப்பியிருக்கிறார். என் அம்மையின் பட்டியலில் 52ஆவது பெயர் என் மகன். அவன் கல்லூரிக்குப் போய் கோவிலுக்கு வராமல் நின்ற வருஷம் அவனை அவள் 52இலிருந்து 5க்கு ஏற்றியிருக்கிறாள். அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால், "மக்களே, புட்டு ஆறிப்போவும் கேட்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரியலை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவன் இன்றைக்கும் கோவிலுக்குப் போவதில்லை. நோட்டை ஸ்கேன் செய்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பியது அவன்தான்.

உன்னிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்களிடம் அம்மையின் குரல் ஒன்றே ஒன்றுதான், 11 வினாடி. பேத்தி போனைக் கொடுத்து 'அம்மச்சி, ஒரு ஜெபம் சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறாள். அம்மை தொண்டையைச் செருமுகிறாள். "இது ஓடுதா?" என்று கேட்கிறாள். அதற்குள் கோழி அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது போலிருக்கிறது. "போ, போ கோழி, ச்சூ!" அவ்வளவுதான், நின்றுவிடுகிறது. அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.